தகரச் சுவரில் ஆறு பொட்டு

ரப்பர் விலை தரையோடு தரையாய் விழுந்து, தோட்டங்களில் ஆள் குறைத்து, நம் ஜனங்களைக் கும்பல் கும்பலாய் ஊருக்குக் கப்பல் ஏற்றி அனுப்பினார்களே, அந்தக் கஷ்ட காலத்தில் நடந்தது இது. தேதி, மாதம் எனக்குச் சொல்லத் தெரியாது. பள்ளிக்கூடத்துப் பக்கம் போனவன் இல்லை நான். ஆனால் அந்த வருஷம் ஆயுத பூஜை கழிந்து மழை பிடித்துக்கொண்டது. ஜொகூர் பாரு கடைத்தெருவில் கால்வாய் பொங்கிக் கருவாட்டுக் கூடைகள் மிதந்தன. அந்த மழை விட்ட மறுநாள்தான் அந்தக் கார் வந்தது. அப்படித்தான் எனக்கு ஞாபகம்.

இதை இப்போது சொல்வதற்குக் காரணம், போன வாரம் டாக்ஸி ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் பட்டறையில் பார்த்த காட்சி. ஒருத்தன் பழைய கார் ஒன்று வாங்கி வந்திருந்தான். பானெட்டைத் திறந்து, ரப்பர் குழாயை நீட்டி, எஞ்சின்மேல் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருந்தான்.

"ஏம்ப்பா, மொதல்ல பாத்துட்டுக் கழுவுனியா, கழுவிட்டுப் பாக்கப் போறியா?" என்று கேட்டேன்.

"என்னா பாக்கணும் பெரியவரே? மீட்டர்ல கொஞ்சந்தான் ஓடியிருக்கு லா. நல்ல வண்டி."

மீட்டராம். அங்கே நின்ற டிரைவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "ஒங்க காலத்துல எப்படித்தான் பாத்தீங்க, சொல்லுங்க" என்றார்கள். அதற்குத்தான் இந்தக் கதை. நான் சொல்லச் சொல்ல, அவர்களில் எழுதத் தெரிந்த ஒருவர் எழுதிக்கொள்கிறார்.

நான் வேலை பழகியது பெரிய கதை இல்லை. செடெனாக் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் ஷீட் உருட்டும் மெஷினுக்கு எண்ணெய் விட்டேன். அப்புறம் லோரிக்குக் கட்டை போடுகிற ஆள் ஆனேன். மேட்டில் லோரி திணறி நின்றால் குதித்து ஓடிப் பின்சக்கரத்தில் கட்டை கொடுக்க வேண்டும். தவறினால் லோரியும் நாமும் பள்ளத்தில். அந்த வேலையில் உயிரோடு இருந்தவனுக்கு ஸ்டீரிங்கைக் கொடுப்பார்கள். எனக்கும் கொடுத்தார்கள். விலை விழுந்ததும் பறித்துக்கொண்டார்கள். தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி என்னைக் கூப்பிட்டுக் கப்பலுக்குப் பேர் கொடுக்கச் சொன்னார். நான் கொடுக்கவில்லை. ஊரில் எனக்கு ஆளும் இல்லை, அடுப்பும் இல்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு ஜொகூர் பாருவுக்கு வந்து, கனி முதலாளியின் லோரிக்கு டிரைவராய்ச் சேர்ந்தேன்.

கனி முதலாளி ராமநாதபுரத்துக் கடற்கரைக்காரர். தோட்டத்துக் கடைகளுக்கு அரிசி, கருவாடு, மிளகாய், பருப்பு எல்லாம் மொத்தமாய் அனுப்புகிறவர். அவரைப் போல் சந்தேகப்படுகிற மனுஷனை நான் இந்த நாட்டில் பார்த்ததில்லை. கருவாட்டு மூட்டை வந்தால் மேலே கிடப்பதைத் தொடவே மாட்டார். சாக்கைக் கவிழ்க்கச் சொல்வார். அடியில் கிடந்த ஒன்றை எடுத்து ஒடித்து மூக்கில் வைப்பார். "மேல கெடக்குறது விக்கிறவன் மொகம். அடியில கெடக்குறதுதான் சரக்கு" என்பார். மிளகைத் தண்ணீரில் போட்டு, எது மிதக்கிறது என்று பார்ப்பார். பப்பாளி விதை கலந்திருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். யாராவது அவரைப் புகழ்ந்து பேசினால் பொறுமையாய்க் கேட்டு முடித்துவிட்டு, "சரி, என்னா வேணும்?" என்பார்.

கோபம் வந்தால் மனுஷர்கள் கத்துவார்கள். முதலாளிக்குச் சந்தேகம் வந்தால் குரல் தணிந்துபோகும். தலையிலிருக்கும் கறுப்புத் தொப்பியை மெல்லப் பின்னால் தள்ளுவார். தொப்பி பின்னால் போனால் சரக்கு வேண்டாம். நெற்றிக்கு இழுத்துவிட்டால் வாங்குகிறார். கடையில் இருந்த நாங்கள் அவர் வாயைப் பார்க்க மாட்டோம், தொப்பியைத்தான் பார்ப்போம்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு பந்தயக் கார்மேல் ஆசை வந்தது.

காரணம் இருந்தது. மாசம் பிறந்ததும் தோட்டம் தோட்டமாய்ப் போய்க் கடைக்காரர்களிடம் அந்த மாசத்துச் சரக்குக்கு ஆர்டர் எடுக்க வேண்டும். எங்கள் லோரி மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள், எதிர்க்கடைச் சீன முதலாளி, தவுக்கே என்போம், அவருடைய ஆள் மோட்டார் சைக்கிளில் பறந்து போய் ஆர்டரை எடுத்துவிடுவான். அந்த நேரத்தில்தான் செய்தி வந்தது. ஆயர் ஈத்தாம் பக்கத்துத் தோட்டத்துச் சின்ன துரை சீமைக்குத் திரும்பிப் போகிறார், அவருடைய ரெண்டு ஸீட் கார் மலிவாய் வருகிறது என்று.

காரைக் கொண்டுவந்தவன் பேர் மருதை. துரையின் டிரைவர். என்னைவிட நாலைந்து வயசு இளையவன், ஒல்லி, வெளுத்த காக்கிச் சட்டை. தெப்ராவ் ரோட்டில் இருந்த எங்கள் கோடவுன் வாசலில் அவன் காரைத் திருப்பி நிறுத்திய அழகிருக்கிறதே! பச்சைக் கார். நீண்ட மூக்கு, தாழ்ந்த கதவு, மேலே கூரை இல்லை. மழையில் கழுவிவிட்ட வாழையிலை மாதிரி மின்னியது. முதலாளி வெளியே வந்து பார்த்தார். பார்த்துவிட்டு, நான் அதுவரை பார்க்காத ஒரு காரியம் செய்தார். சிரித்தார்.

வாங்குகிறவன் சிரித்துவிட்டால் விற்கிறவன் பாதி ஜெயித்த மாதிரி.

"மூணு வருசம் ஆவுது மொதலாளி, தொரை புதுசா எடுத்து," என்றான் மருதை. "அவரு கையிலதான் ஓடுச்சு, வேற யாரும் தொட்டதில்ல. எனக்குத் தொடைக்கிற வேலதான். மீட்டரப் பாருங்க."

மீட்டரில் ரொம்பக் குறைச்சலாய்த்தான் காட்டியது. அவர்கள் சொன்ன கணக்குக்கே அது குறைச்சல். துரை என்ன, காரைப் பூட்டி வைத்துவிட்டு நடந்தா போனார்?

கடை ஆட்கள் சுற்றி நின்றுகொண்டார்கள். "காத்தமுத்து, ஒனக்குப் போட்டிக்கு ஆளு வந்தாச்சு. அவன் நிறுத்துன மாதிரி ஒனக்கு நிறுத்த வருமா?" என்று சீண்டினார்கள். சிரித்துக்கொண்டேன். ஆனால் அதுவும் மனசுக்குள் போய் உட்கார்ந்தது.

முதலில் எஞ்சின்மேல் கையை வைத்தேன். கொதித்தது. அத்தனை தூரம் ஓடி வந்த வண்டி கொதிக்கத்தான் செய்யும். ஆனால் சூடான எஞ்சின் பொய் சொல்லும், இது எங்கள் தொழிலில் தெரிந்த விஷயம். சூட்டில் இரும்பு விரிந்து இடுக்கெல்லாம் அடைந்துவிடும். சத்தம் அடங்கிவிடும். ஒரு வண்டியின் யோக்கியதை தெரிய வேண்டுமானால் காலையில், அது குளிர்ந்து கிடக்கும்போது எழுப்ப வேண்டும்.

குனிந்து பெடலைப் பார்த்தேன். கிளச்சுக்கும் பிரேக்குக்கும் போட்டிருந்த ரப்பர் புத்தம் புதுசு. மூன்று வருஷம் மிதிபட்ட ரப்பர் அப்படி இருக்காது. கதவைத் திறந்து, கீலில் தொங்கவிட்டுத் தூக்கிப் பார்த்தேன். கொஞ்சம் ஆடியது. ஆயிரம் ஆயிரம் தடவை திறந்து மூடிய கதவு அது.

அதற்குள் முதலாளி ரேடியேட்டர் மூடிக்கு மேல் துணியைப் போட்டு மெல்லத் திருகினார். ஆவி அடங்கட்டும் என்று காத்திருந்து, மூக்கைக் கொண்டுபோனார். ஒரு மூச்சு இழுத்தார். கண்ணை மூடி இன்னொரு மூச்சு இழுத்தார்.

"கடுகு," என்றார்.

மருதை மட்கார்டில் இல்லாத தூசியைத் துடைத்தான்.

"கடுகுத்தூளுப்பா இது. நான் விக்கிற சரக்கு, எனக்குத் தெரியாதா? அதுவும் பூத்துப்போன பழைய கடுகு. எந்தக் கடையில வாங்குன?"

ரேடியேட்டரில் பொடி ஓட்டை விழுந்தால் கடுகுத்தூள் போடுவார்கள். ஊறி உப்பி ஓட்டையை அடைத்துக்கொள்ளும். ஓட்டிப் பார்க்கிற அன்றைக்கு ஒழுகாது.

"மல ரோட்டுல கல்லு பட்டு லேசா கசிஞ்சிச்சு மொதலாளி. அதான்..." என்று இழுத்தான்.

"அப்ப இன்னும் வேற என்னா போட்டிருக்க? உப்பு, புளி?"

கடை ஆட்கள் கொல்லென்று சிரித்தார்கள். முதலாளியின் குரல் தணிந்துவிட்டது, தொப்பி கொஞ்சம் நகர்ந்தது. ஆனால் பின்னால் போகவில்லை. மறுபடியும் அந்தப் பச்சை மூக்கைப் பார்த்தார். "காத்தமுத்து, வண்டி இங்கேயே கெடக்கட்டும். காலையில நீ பாரு. நீ சொல்றதுதான்," என்றார். மருதைக்கும் கோடவுனில் படுக்க இடம் கொடுத்தார்.

மறுநாள் விடிந்து வந்தேன். மருதை எனக்கு முன்னாலேயே எழுந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றான். அதனால் முதலில் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தேன், திருட்டுத்தனமாய்ச் சூடு காட்டியிருக்கிறானா என்று. இல்லை, ஜில்லென்று இருந்தது. ஹாண்டிலைப் போட்டு நானே சுற்றினேன். மூன்றாம் சுற்றில் பிடித்துக்கொண்டது. கரகரவென்று ஒரு சத்தம் வந்து, கொஞ்ச நேரத்தில் தணிந்தது. கியர் எண்ணெயை விரலில் எடுத்துப் பிசைந்தேன். மரத்தூள் போட்டுப் பல்லின் சத்தத்தை அமுக்குகிறவர்கள் உண்டு. இதில் இல்லை. எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

எஞ்சினை நிறுத்திவிட்டு, பானெட்டுக்குள் தலையை நுழைத்தேன். எஞ்சினுக்கும் ஆள் உட்காருகிற இடத்துக்கும் நடுவில் ஒரு தகரச் சுவர் இருக்கும். அதன் மேல் ஓரத்தில், வெளியே நிற்கிறவன் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரலை ஓட்டினேன்.

ஏன் அங்கே என்று கேட்பீர்கள். அந்தக் காலத்தில் துரைமார் காருக்குத் தமிழ் டிரைவர்தான். ஆயுத பூஜை வந்தால் வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் எந்த டிரைவரும் ஸ்டீரிங்கைத் தொட மாட்டான். ஆனால் பளபளக்கிற பெயிண்டில் பொட்டு வைத்தால் துரைக்குப் பிடிக்காது, திட்டுவார். அதனால் நாங்கள் பானெட்டுக்குள்ளே, அந்தத் தகரச் சுவரில் வைத்துக்கொள்வோம். போன வருஷத்துப் பொட்டை அழிக்கக் கூடாது. அதற்குப் பக்கத்தில் இந்த வருஷத்துப் பொட்டு. துரைக்குத் தெரியாது, கிராணிக்குத் தெரியாது. எங்களுக்குள் மட்டும் இருந்த வழக்கம்.

விரலில் தட்டுப்பட்டது. எண்ணெய்ப் புகை ஏறிக் கறுத்து, சந்தனம் காய்ந்து பொருக்குத் தட்டிப்போய், வரிசையாய் இருந்தன. ஆறு பொட்டு. முதல் மூன்றும் சின்னச் சின்னதாய், விரல் நுனியால் வைத்தது. அடுத்த மூன்றும் கட்டைவிரலை அழுத்தி அகலமாய் வைத்தது. கடைசிப் பொட்டில் குங்குமச் சிவப்பு இன்னும் மங்கவில்லை.

மூன்று வருஷத்து வண்டிக்கு ஆறு ஆயுத பூஜை எப்படி வந்தது? பதிவுப் புஸ்தகத்தில் தெரியாதா என்றால், அதுதான் இல்லை. சிங்கப்பூரில் ஓடிய பழைய வண்டி எதுவானாலும், கடலுக்குக் குறுக்கே போட்ட தாம்போதியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததும் புது நம்பர், புதுப் புஸ்தகம். பழைய வயசு அந்தக் கரையோடு போச்சு.

தலையை வெளியே எடுத்தேன். மருதை என் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நுனியில் குங்குமம் ஒட்டியிருந்தது.

"கட்டைவெரலக் காட்டு," என்றேன்.

காட்டவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"தொரை புதுசா எடுத்தாரு, வேற யாரும் தொட்டதில்ல, அப்படித்தானே? அப்ப அந்த மொத மூணு பொட்டு யாரு வச்சா? தொரைசாணி வச்சாளா?"

"அண்ணே..."

"மீட்டரத் திருப்புனது யாரு?"

"நாந்தான்." தலையைக் குனிந்துகொண்டான். "தொரைக்கு ஒண்ணும் தெரியாது. வித்துக் காசக் கிராணிகிட்டக் குடுத்துடுனு சொல்லிட்டுச் சிங்கப்பூருக்குப் போய்ட்டாரு. எல்லாம் நாந்தான் செஞ்சேன்."

"ஒனக்கு இதுல கமிசன் எவ்வளவு?"

"அதெல்லாம் இல்லண்ணே. வண்டிய வாங்குறவங்க என்னையும் வேலைக்கு எடுத்துக்குவாங்கனு நெனச்சேன். இல்லாட்டி அடுத்த கப்பலு எனக்கு. பேரு எழுதியாச்சு. வீட்டுல முழுகாம இருக்கா, மாசம் ஏழாவுது. கப்பல்ல எப்படிண்ணே கூட்டிட்டுப் போவேன்? அந்தப் பொட்ட நீங்க பாக்கலனு வச்சிக்குங்களேன்."

எனக்குப் பாவமாய் இருந்திருக்க வேண்டும். சொல்லப்போனால் சந்தேகம்தான் அதிகமாச்சு. மீட்டர் பொய், பெடல் பொய், கடுகு பொய். இந்த வயிற்றுப் பிள்ளை மட்டும் நிஜமா? முதலாளியிடம் போய், "ஆயர் ஈத்தாம் வரைக்கும் ஓட்டிப் பாக்கணும் மொதலாளி. இவனையும் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். ஓட்டிப் பார்ப்பது ஒரு பக்கம். அவன் வீட்டையும் பார்த்துவிட்டு வரலாம் என்பது இன்னொரு பக்கம்.

அந்த ஓட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். நான் லோரிக்காரன். ரோட்டைத் தலைக்கு மேலிருந்து பார்த்துப் பழகியவன். இதில் உட்கார்ந்தால் ரோடு மடியில் ஓடுகிறது. தெப்ராவ் தாண்டி, கூலாய் தாண்டி, ரெண்டு பக்கமும் கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், சரசரவென்று பின்னால் போகிறது. செடெனாக் மேட்டில், நான் கட்டை கொடுத்துக் கொடுத்துக் கால் உடைந்த அதே மேட்டில், கியரைக்கூட மாற்றாமல் ஏறியது. வாயெல்லாம் செம்மண் தூசி. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. வாயை இறுக்கிக்கொண்டேன். வண்டி மனசுக்குப் பிடித்துவிட்டால் காது செவிடாகிவிடும். ஸ்டீரிங்கை விட்டுப் பார்த்தேன், இடது பக்கம் இழுத்தது.

"முன்னால ஒரு தடவ மரத்துல மோதியிருக்கா?"

"எங்கிட்ட வர்றதுக்கு முன்னால மோதியிருக்குண்ணே. சத்தியமா."

"ஒஞ் சத்தியத்த நீயே வச்சிக்க."

அப்புறம் ஒரு வளைவில் அவன் தானாகவே, "அண்ணே, இங்க ரெண்டாவது கியரு போட்டுக்குங்க, இவளுக்கு இந்த எடத்துல மூச்சு முட்டும்" என்றான். போட்டேன். சரியாய் வளைந்து போனது. வண்டியை அவள் இவள் என்கிறவனை நம்பக் கூடாது என்று ஒரு மனசு சொன்னது. அவனுக்கு அவளைத் தெரிகிறது என்று இன்னொரு மனசு சொன்னது.

ஆயர் ஈத்தாம் சேர்ந்து தோட்டத்து ஆட்கள் வரிசையாய்க் குடியிருக்கிற லயத்துக்குள் போனோம். பாதி வீடு காலி. கதவுகள் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. கார்ச் சத்தம் கேட்டு ஒரு பெண் வெளியே ஓடிவந்தாள். "வித்துப்போச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள் என்னைப் பார்த்து நின்றுவிட்டாள். அவள்தான் அஞ்சலை, மருதையின் பெண்சாதி. இடுப்பில் கொசுவத்தை இழுத்துச் செருகியிருந்தாள். தட்டையான வயிறு. ஏழு மாசமும் இல்லை, ஏழு நாளும் இல்லை.

நான் காரிலிருந்து இறங்கவே இல்லை. "நல்லா இருக்குடா ஒன்னோட ஏழு மாசம்! ஒம் பொய்க்கு அடியே கெடையாதா? எறங்கு. நான் போறேன்" என்றேன்.

மருதை இறங்கவில்லை. அவள்தான் கிட்டே வந்து கதவில் கையை வைத்துக்கொண்டாள்.

"என்னா சொல்லி வச்சாரு? நான் முழுகாம இருக்கேன்னா?"

"ஆமா."

"அட கோட்டானே!" என்று அவனைப் பார்த்துச் சொன்னாள். அப்புறம் என்னிடம் திரும்பினாள். "நெசத்தச் சொல்லப் பயந்துகிட்டுச் சொல்லியிருக்காருண்ணே. நீங்க எந்தத் தெருவோ, என்னா ஆளுவளோ. நாங்க ரெண்டு பேரும் ஒரே ஊரு. ஆனா அவரு வூட்டு ஆளுங்க ஒரு தெரு, எங்க வூட்டு ஆளுங்க ஒரு தெரு. இங்க வந்து கட்டிக்கிட்டோம். இந்த லயத்துல யாரும் கேக்கல. கப்பல்ல கொண்டுபோயி எறக்கிவுட்டா ரெண்டு தெருவும் எங்களுக்குக் கெடையாது. அவரு அண்ணனே கடுதாசி போட்டிருக்கான், வாங்கடா பாத்துக்கறேன்னு. அங்க போனா நாங்க ரெண்டு நாளு உசுரோட இருக்க மாட்டோம்."

அவள் அழவில்லை. கதவைப் பிடித்த கை மட்டும் எடுக்கவில்லை. அவ்வளவு கேட்ட பிறகும், என் புத்தியைப் பாருங்கள், இதிலும் பொய் இருக்குமோ என்றுதான் முதலில் நினைத்தேன். எதிர் லயத்தில் ஒரு கிழவர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். தண்ணீர் கேட்கிற சாக்கில் அவரிடம் போய் விசாரித்தேன். "பாவம்யா. அதுவ ரெண்டும் எங்க போவும்?" என்றார்.

திரும்பி வரும்போது மருதையை ஓட்டச் சொன்னேன்.

கோடவுனில் முதலாளி மிளகாய் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். மீட்டர், பெடல், இடது பக்கம் இழுப்பது, மேட்டில் ஏறியது, ஆறு பொட்டு, இல்லாத பிள்ளை, ரெண்டு தெரு. ஒன்றையும் கூட்டவில்லை, ஒன்றையும் விடவில்லை. என்னை அனுப்பியது அதற்குத்தானே. மருதை வாசலிலேயே நின்றான். முதலாளி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். அதனால் எனக்கு எதுவும் விளங்கவில்லை.

கேட்டு முடித்து எழுந்து வந்தார். பானெட்டைத் திறக்கச் சொன்னார். கனத்த உடம்பை மடக்கி, தலையை உள்ளே விட்டு, ரொம்ப நேரம் பார்த்தார். பார்த்தாரே தவிர, விரலால் தொடவில்லை.

"இங்க வாப்பா," என்று மருதையைக் கூப்பிட்டார். குரல் தணிந்திருந்தது. "மீட்டரத் திருப்புன. பெடலுக்கு ரப்பரு மாத்துன. கடுகு போட்ட. பொண்டாட்டி வயித்துல புள்ளையே வச்ச. இவ்வளவு செஞ்சவன் இத மட்டும் ஏன் வுட்ட? மண்ணெண்ணெயில ஒரு துணிய நனைச்சு இழுத்தா போயிருக்குமே."

"நனைச்சேன் மொதலாளி."

"அப்புறம்?"

"கை போவல." மருதை தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "என்னோடத வேணா அழிச்சிருவேன். மொத மூணு எனக்கு முன்னால ஓட்டுன ஆளு வச்சது. மொகந்தெரியாது. சிங்கப்பூர்ல எங்கியோ அவரு இவளுக்கு நல்லது நெனச்சு வச்சிருக்காரு. அத நான் எப்படித் தொடைக்கிறது?"

முதலாளி அந்தத் தகரச் சுவரை மறுபடி ஒருதரம் பார்த்தார்.

"நான் கும்புடுறது வேற. ஆனா போவாத கை எனக்குப் புரியும்," என்றார். அப்புறம் என்னிடம் திரும்பினார். "காத்தமுத்து, சாக்கக் கவுத்தாச்சு. இனிமே அடியில ஒண்ணுமில்ல. இதான் சரக்கு."

"அப்ப வண்டி வேணாமா மொதலாளி?"

"வண்டி எடுக்குறேன். ஆனா ஆறு வருச வண்டி வெலைக்கு. கிராணி சரின்னா சரி. இவனையும் எடுக்குறேன்."

"இவ்வளவு பொய் சொன்னவன மொதலாளி..."

"அதுக்குத்தாம்ப்பா!" என்றார். "இந்த வண்டியில என்னென்னா பொய் இருக்குனு முழுசாத் தெரிஞ்சவன் ஒலகத்துலயே இவன் ஒருத்தன்தான். இவன வெளிய வுட்டுட்டு நான் எப்படி நிம்மதியா இருக்குறது?"

சொல்லிக்கொண்டே தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து, நெற்றிவரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார். கடை ஆட்கள் மூச்சு விட்டார்கள். மருதை அப்படியே வாசற்படியில் குந்திவிட்டான்.

கிராணி சரி என்றார். வேறு யாரும் கேட்டு வரவில்லை. மருதையை அன்றைக்கே மீட்டரை அவன் திருப்பிய அளவுக்கு முன்னால் கொண்டுவரச் சொன்னார் முதலாளி. அதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த வார லோரியில் அஞ்சலையும், ஒரு தகரப் பெட்டியும், ரெண்டு சட்டியும் வந்து இறங்கின. அவள் கோடவுனுக்குப் பின்னால் மிளகாய் காயவைக்கிற வேலையில் சேர்ந்தாள். தவுக்கேயின் மோட்டார் சைக்கிள் அதற்கப்புறம் எங்கள் தூசியைத்தான் தின்றது.

நான் மருதையை உடனே நம்பிவிடவில்லை. ரொம்ப நாள் வரைக்கும் அவன் ஊற்றுகிற எண்ணெயை விரலில் பிசைந்து பார்ப்பேன். அவனும் கோபப்படாமல் டின்னை நீட்டுவான். "பாத்துக்குங்கண்ணே, உப்பு புளி சரியா இருக்கா?" என்பான். ரெண்டு வருஷம் கழித்து அஞ்சலைக்கு நிஜமாகவே பிள்ளை பிறந்தது. முதலாளி சீனி மூட்டையிலிருந்து ஒரு பை கொடுத்தனுப்பி, "ஏழு மாசமுன்னு சொன்னியே, ரொம்ப லேட்டா வந்திருக்கேப்பா" என்றார். மருதை வெட்கப்பட்டு மூட்டைக்குப் பின்னால் போய் நின்றான்.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மருதை தகரச் சுவரில் ஒரு பொட்டு வைத்தான். ஒரு வருஷம் அவன் காய்ச்சலில் படுத்தபோது என்னை வைக்கச் சொன்னான். வைத்தேன். என் விரல் சின்னது. அந்த வரிசையில் பார்த்தால் தெரியும், அது ஒன்று மட்டும் சின்னதாய்க் கோணலாய் இருக்கும்.

ஜப்பான்காரன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் முதலாளி அந்தக் காரைச் சிங்கப்பூர்க்காரர் ஒருத்தருக்கு விற்றார். விற்கும்போது மருதையே பானெட்டைத் திறந்து, வண்டியின் வயசு, பழைய ஓட்டை, இடது பக்கம் இழுப்பது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான். அந்த மனுஷர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு தாம்போதியைத் தாண்டிப் போனார். அப்புறம் எங்கே போச்சோ. முதலாளியும் போய்விட்டார். மருதையும் போய்விட்டான்.

இப்போது பணக்காரப் பிள்ளைகள் பழைய ரெண்டு ஸீட் கார்களைத் தேடிப்பிடித்து வாங்கி, புதுப் பெயிண்ட் அடித்து, கண்காட்சியில் நிறுத்துகிறார்களாம். நீங்கள்தான் டாக்ஸி ஸ்டாண்டில் பேசிக்கொண்டீர்கள். நீங்கள் ரோட்டில் ஓடுகிறவர்கள், நாலு பட்டறைக்குப் போகிறவர்கள். அப்படி ஒரு காரைப் பிரிக்கிற பட்டறைக்காரன் யாரையாவது பார்த்தால், எனக்காக ஒன்று சொல்லுங்கள். அவன் இன்னொருத்தனிடம் சொல்லட்டும். எஞ்சினைக் கழுவுவதற்கு முன்னால் தகரச் சுவரின் மேல் ஓரத்தில் விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பொருக்காய் வரிசை தட்டுப்பட்டால், அது அழுக்கு இல்லை. துணியைக் கீழே போடச் சொல்லுங்கள்.